திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: விமானக் கம்பெனிகள் எப்படி நடக்கின்றன?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, எந்தப் பக்கம் எடுத்தாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று வெளியே ஆள் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. நமக்கு ஏர்போர்ட் என்றால் திருச்சிதான். நான் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எது விலை குறைவு என்று கேட்டு வருகிறவர்கள் போகும்போது ஒரு "ஏன்" கேட்காமல் போவதில்லை. அந்த ஏன்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது, எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே பாதி சங்கடத்தைத் தவிர்த்துவிடலாம்.

வளைகுடாவுக்கு இத்தனை பேர் போகிறோம், எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் எல்லாம் ஏன் திருச்சிக்கு வருவதில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கூட்டம் இருக்கிறது, காசும் இருக்கிறது, விமானமும் இருக்கிறது. ஆனாலும் ஒரு விமானக் கம்பெனி நினைத்த ஊரில் இறங்க முடியாது. 1944-ல் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் தலைக்கு மேலே இருக்கும் வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். அதனால் இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசி, உங்கள் கம்பெனி எங்கள் நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கும். இந்தியாவுக்கும் துபாய்க்கும் இடையே ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள் என்று ஒதுக்கீடு. அது எப்போதோ நிரம்பிவிட்டது, கூட்டிக் கொடுங்கள் என்று துபாய்க்காரர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். வளைகுடாக் கம்பெனிகள் இறங்கலாம் என்று குறித்துக் கொடுத்த ஊர்களில் திருச்சி இல்லை.

இந்தியக் கம்பெனிக்கு அந்தத் தடை கிடையாது. இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் அது கிளம்பலாம், அதனால்தான் திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என்று நம் நாட்டு விமானங்களாகவே இருக்கின்றன. கிழக்கே கதை வேறு. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கம்பெனிகளும் சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் கம்பெனிகளும் வரலாம் என்று இந்தியா 18 ஊர்களைத் திறந்துவிட்டது, அந்தப் பட்டியலில் திருச்சி உண்டு. ஸ்கூட், ஏர் ஏசியா, பாதிக் ஏர் மலேசியா, ஸ்ரீலங்கன் எல்லாம் இங்கே வருவது அந்த வழியில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. திருச்சி ஓடுதளம் 8,136 அடி. எமிரேட்ஸிடம் இருப்பதெல்லாம் போயிங் 777, ஏர்பஸ் ஏ380, ஏ350 என்று இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானங்கள், 737 மாதிரிச் சின்னது ஒன்றுகூடக் கிடையாது. அந்த விமானங்கள் ஆளும் சரக்கும் எரிபொருளும் நிறைத்துக்கொண்டு ஏற இந்த நீளம் இறுக்கம். புதிய டெர்மினல் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது, பார்க்கவே பெருமையாக இருக்கிறது, ஆனால் ஓடுதளத்தை நீட்டும் வேலை நிலம் கிடைப்பதில் இழுத்துக்கொண்டே போகிறது. டெல்டா மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்: ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர், அப்புறம் ஓடுதளத்தின் நீளம்.

ஸ்கூட் என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தானே? ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஏர் இந்தியாவும் ஒன்றுதானே?

முதலாளி ஒன்று, கம்பெனி வேறு. ஸ்கூட் 2012-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கிய பட்ஜெட் கம்பெனி. முன்பு திருச்சிக்கு வந்துகொண்டிருந்த டைகர் ஏர் 2017-ல் அதில் கலந்துவிட்டது, இன்றும் ஸ்கூட்டின் விமான எண் 'டி.ஆர்.' என்று தொடங்குவது டைகரிடமிருந்து வந்ததுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஒரு காலத்தில் மலேசியாவோடு கூட்டாக இருந்து 1972-ல் பாகம் பிரிந்து வந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005-ல் பறக்க ஆரம்பித்தது. டாடா குழுமம் 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவைத் திரும்ப வாங்கிய பிறகு அதையும் சேர்த்து நடத்துகிறது. "திரும்ப" என்று சொல்லக் காரணம், 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பையோடு ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிவந்த சின்ன விமானத்தில் தொடங்கியதுதான் அந்தக் கம்பெனி, 1953-ல் அரசு எடுத்துக்கொண்டது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவில் இணைந்தபோது, விஸ்தாராவில் பங்கு வைத்திருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஏர் இந்தியாவில் 25.1 சதவீதம் வந்தது. ஆக நாம் போட்டியாளர்கள் என்று நினைக்கும் இரண்டு பேர் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களாக இருக்கலாம்.

பயணிக்கு முக்கியம் என்னவென்றால், தாய்க் கம்பெனியின் லக்கேஜ் அளவு, சாப்பாடு, ரத்து விதி எதுவும் பட்ஜெட் கம்பெனிக்குப் பொருந்தாது. "சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குரூப்தானே, சாப்பாடு வரும்" என்று வெறும் வயிற்றோடு ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

பட்ஜெட் ஏர்லைன்கள் மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிற விலைக்குக் கொடுக்கின்றன?

தரையில் நிற்கிற விமானம் வாடகையும் சம்பளமும் தின்னும், பறக்கிற விமானம்தான் சம்பாதிக்கும். இந்த ஒரு கணக்கிலிருந்து மற்றதெல்லாம் வருகிறது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 1971-ல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட், அடுத்த வருடமே பணமுடையில் தன்னிடம் இருந்த 4 விமானங்களில் ஒன்றை விற்க வேண்டிவந்தது. ஆனால் அட்டவணையைக் குறைக்கவில்லை. மிச்சம் 3 விமானங்களை வைத்து அதே சர்வீஸை ஓட்ட ஒரே வழி, இறங்கிய விமானத்தை 10 நிமிடத்தில் திருப்பிக் கிளப்புவது. கிளப்பியும் காட்டினார்கள். பிற்பாடு அயர்லாந்தின் ரயன்ஏர், மலேசியாவின் ஏர் ஏசியா, நம் இண்டிகோ எல்லோரும் அந்தப் பாடத்தைத்தான் படித்தார்கள். ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் 2001-ல் வாங்கியது ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு, கூடவே அதன் கடன் மூட்டையையும் சேர்த்து.

ஒரே ரக விமானம் வைத்திருந்தால் எந்தப் பைலட்டும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், உதிரிபாகம் ஒரே வகை, மெக்கானிக்குக்கு ஒரே பயிற்சி. ஏ320 வகையில் 180, 186 இருக்கை என்று நெருக்கிப் போடுவார்கள். சாப்பாடு, லக்கேஜ், ஜன்னல் சீட், எல்லாம் தனித்தனிக் காசு. அந்தச் சில்லறை வருமானம் சில்லறை இல்லை, பல கம்பெனிகளுக்கு லாபமே அதில்தான். திருச்சியிலிருந்து சர்வதேச விமானங்கள் பலவும் நடுராத்திரியில் கிளம்புவதும் இதே கணக்குத்தான்: பகலில் ஒரு பக்கம் ஓடிய விமானத்தை ராத்திரியிலும் சும்மா விடக்கூடாது. வயசான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கஷ்டம்தான், ஆனால் அந்த ராத்திரிப் பயணம் இல்லையென்றால் அந்த விலையும் இருக்காது.

இவ்வளவு செய்தும் கம்பெனிகளுக்கு மிஞ்சுவது குறைவு. உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா கணக்குப்படி அண்மை வருடங்களில் ஒரு பயணிக்குச் சராசரியாக 7 டாலர் அளவில்தான் நிகர லாபம்.

பக்கத்து சீட்காரர் என்னைவிடப் பாதி விலைக்கு வந்திருக்கிறார். ஏமாற்று வேலையா?

இல்லை. விமானம் கிளம்பிய பிறகு காலி சீட்டுக்கு மதிப்பு சைபர், அதனால் ஒவ்வொரு சீட்டையும் யாரிடம் எவ்வளவு வாங்கலாமோ அவ்வளவுக்கு விற்கப் பார்ப்பார்கள். உள்ளே ஒரே மாதிரி சீட்டாக இருந்தாலும் கணினியில் அவை எழுத்துப் போட்ட பல விலைப் பிரிவுகளாக இருக்கும். குறைந்த விலைப் பிரிவில் இத்தனை சீட்டு என்று வைத்திருப்பார்கள், அது தீர்ந்ததும் அடுத்த விலை திறக்கும். விற்பனை மந்தமானால் மூடிய பிரிவைத் திறப்பதும் உண்டு. 1978-ல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தபோது புதுக் கம்பெனிகள் விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுபோக, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் கணினி முன்பதிவு அமைப்பை வைத்து வளர்த்தெடுத்த முறை இது. இன்று உலகம் முழுக்க இதுதான்.

ஒரு நுட்பம் சொல்கிறேன். குடும்பமாக 5 பேருக்குத் தேடும்போது, குறைந்த விலையில் 3 சீட்டுதான் இருந்தால், பல தளங்களில் ஐந்து பேருக்குமே அடுத்த விலையைக் காட்டும். மூன்று பேருக்கு ஒருதரம், இரண்டு பேருக்கு ஒருதரம் தேடிப் பாருங்கள். ஆனால் சின்னப் பிள்ளையைத் தனி டிக்கெட்டில் விட்டுவிடாதீர்கள், ஒரு பெரியவரோடு சேர்த்தே எடுங்கள். பொங்கல், தீபாவளி, மே விடுமுறை, அதோடு சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை வரும் ஜூனும் டிசம்பரும், இந்தக் காலங்களில் "கடைசியில் குறையும்" என்று காத்திருப்பது வீண்.

இருக்கிற சீட்டைவிட அதிகமாக விற்பார்களாமே?

ஆமாம், சட்டப்படியே. டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்பது அவர்களுடைய பழைய அனுபவக் கணக்கு. எல்லோரும் வந்துவிட்டால் முதலில் "யாராவது விட்டுக்கொடுக்கிறீர்களா" என்று கேட்க வேண்டும். அப்படியும் உங்களை ஏற்றாமல் விட்டால், இந்திய விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் நஷ்டஈடு இல்லை, 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் இரண்டு மடங்கு (உச்சம் 10,000 ரூபாய்), அதற்கும் மேல் தாமதித்தால் நான்கு மடங்கு (உச்சம் 20,000 ரூபாய்). நேரத்துக்குக் கவுண்டருக்குப் போயிருந்தால்தான் இது கேட்க முடியும்.

லண்டன் போக எதற்குத் துபாயில் இறங்கி ஏற வேண்டும்? நேராக ஏன் விடுவதில்லை?

மயிலாடுதுறை ஜங்ஷன் மாதிரிதான். விழுப்புரம் பக்கமிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் திருவாரூர்ப் பக்கமிருந்தும் வருகிறவர்கள் அங்கே மாறிக்கொண்டு எந்தத் திசைக்கும் போகலாம். விமானக் கம்பெனி தன் சொந்த ஊரை அப்படி ஒரு ஜங்ஷனாக வைத்துக்கொள்கிறது. மேற்கே 10 ஊர், கிழக்கே 10 ஊர் என்று 20 ஊர்களுக்கு மட்டும் விமானம் விட்டால் போதும், 100 ஜோடி ஊர்களுக்கு டிக்கெட் விற்கலாம். கும்பகோணத்துக்காரர் ஒருவரும் கொச்சிக்காரர் ஒருவரும் டாக்காக்காரர் ஒருவரும் ஒரே மான்செஸ்டர் விமானத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். எமிரேட்ஸ் 1985 அக்டோபரில் துபாயிலிருந்து கராச்சிக்குக் குத்தகை விமானத்தை வைத்து ஆரம்பித்தது. சொந்த நாட்டில் ஜனத்தொகை சொற்பம், ஆனால் உலகத்தில் பெரும்பகுதி மக்கள் வாழும் இடங்களுக்கு நடுவில் துபாய் உட்கார்ந்திருந்தது, அந்த இடத்தைத்தான் அவர்கள் விற்றார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நம்மை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோவதும் அதே வித்தை.

அமெரிக்காவில் டெல்டா ஏர்லைன்ஸ் அட்லாண்டாவை இப்படி வைத்திருக்கிறது. நம் பக்கத்து விவசாயிகளுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: அந்தக் கம்பெனி 1920-களில் பருத்தியைத் தின்னும் கூன்வண்டுக்கு வானத்திலிருந்து மருந்து தூவும் கம்பெனியாகத்தான் பிறந்தது. மிசிசிப்பி டெல்டாவை வைத்துத்தான் பெயர். நெல்லுக்குப் பிறகு கோடையில் பருத்தி போடும் திருவாரூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே எடுத்தால் விலை குறைகிறது. எடுக்கலாமா?

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள், இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இது.

ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில், திருச்சி முதல் கடைசி ஊர் வரை எடுத்தால் உங்களைக் கடைசி ஊரில் கொண்டுபோய் இறக்குவது கம்பெனியின் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அவர்களே அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பார்கள், பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊரில்தான் வந்து சேரும். இரண்டு கம்பெனியில் தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. அவ்வளவுதான். காசு போச்சு.

பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவர், மேற்படிப்புக்கு மெல்போர்ன் போக, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறு கம்பெனி என்று போனிலேயே போட்டுக்கொண்டார். நடுவில் மூன்று மணி நேரம் இடைவெளி, தாராளம் என்று நினைத்திருக்கிறார். முதல் விமானம் திருச்சியில் இரண்டு மணி நேரம் தாமதம். கோலாலம்பூரில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, மறுபடி மேல்மாடி ஏறிக் கவுண்டரைத் தேடிப் போகும்போது கவுண்டர் மூடியாகிவிட்டது. இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை, இவற்றோடு அங்கேயே ராத்திரி உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார். மறுநாள் அவர் எடுத்த புது டிக்கெட்டின் விலை, மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு. தனி டிக்கெட் என்றால் இடையில் உள்ள நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும், அது இல்லாமல் பெட்டியை எடுக்கவே வெளியே வர முடியாது.

அதையும் மீறி எடுத்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி எடுங்கள்.

டிக்கெட்டில் ஒரு கம்பெனி பெயர், போய்ப் பார்த்தால் வேறு கம்பெனி விமானம்?

கோட்ஷேர் என்பார்கள். ஒருவர் விமானத்தில் இன்னொருவர் தன் எண்ணைப் போட்டு விற்பது. டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் உண்மையாக விமானத்தை ஓட்டுவது யார் என்று போட்டிருக்கும், அந்த வரியைப் படிக்காமல் காசு கட்டாதீர்கள். எந்தக் கவுண்டர், பல நேரம் எந்த டெர்மினல் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. கூட்டணிகளும் உண்டு: 1997-ல் ஸ்டார் அலையன்ஸ், 1999-ல் ஒன்வேர்ல்ட், 2000-ல் ஸ்கைடீம். ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் முதலாவதில், ஸ்ரீலங்கனும் கத்தாரும் மலேசியா ஏர்லைன்ஸும் இரண்டாவதில், டெல்டா மூன்றாவதில். எமிரேட்ஸ் எதிலும் சேரவில்லை. பயணப் புள்ளிகள் சேர்க்கிறவர்கள் கூட்டணியைப் பார்த்துச் சேர்த்தால் வீணாகாது.

உலகத்திலேயே பெரிய கம்பெனி எது?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விமானம், வருமானம் என்று பார்த்தால் அமெரிக்காவின் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றும் மாறி மாறி முன்னே வரும். ஐரோப்பாவில் வருடத்துக்கு 20 கோடிப் பயணிகளை முதலில் தொட்டது ரயன்ஏர். இண்டிகோ 2023-ல் ஒரே வருடத்தில் 10 கோடியைத் தாண்டியது, உள்நாட்டில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அதில்தான் பறக்கிறார்கள். அதிக நாடுகளுக்குப் பறப்பது டர்கிஷ் ஏர்லைன்ஸ்.

இத்தனை விமானங்களும் அவர்கள் சொந்தமா? கம்பெனி மூழ்கினால் என் காசு?

உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறக்குறைய பாதி வாடகைக்கு எடுத்தவை. வாடகைக்கு விடும் கம்பெனிகளில் பெரியது அயர்லாந்தில் இருக்கும் ஏர்கேப். இண்டிகோ மொத்தமாக நூற்றுக்கணக்கில் தள்ளுபடி விலையில் ஆர்டர் கொடுத்து, விமானம் கைக்கு வந்ததும் வாடகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டி வளர்ந்தது. 2023 ஜூனில் கொடுத்த ஆர்டர் மட்டும் 500 விமானம்.

வாடகை கட்ட முடியாத அன்று எல்லாம் நின்றுவிடும். கிங்பிஷர் 2012-ல், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல், கோ பர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றன. முன்பணம் கட்டிய பயணிகள் கடன்காரர் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஆறேழு மாதம் முன்பே எடுக்கிற பெரிய டிக்கெட்டை கிரெடிட் கார்டில் போடச் சொல்வது இதற்காகத்தான், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி உண்டு.

வானம் தெளிவாக இருக்கிறது, விமானம் ஏன் தாமதம்? ரத்தானால் என்ன கிடைக்கும்?

உங்கள் விமானம் காலையிலிருந்து எங்கெங்கோ போய்விட்டு வருகிறது. சென்னையில் காலையில் பிடித்த 40 நிமிடத் தாமதம், ராத்திரி திருச்சிக்கு வரும்போது இரண்டு மணி நேரமாகப் பெருகியிருக்கும். விமானத் தடம் காட்டும் ஆப் ஒன்றில் அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மன்னார்குடியிலிருந்து கார் எடுக்கலாம். ஆனால் டிக்கெட்டில் சொன்ன நேரத்துக்குக் கவுண்டரில் இருப்பதில் மட்டும் விளையாட வேண்டாம்.

இன்னொரு காரணம் ஆட்கள். பைலட்டுக்கு இவ்வளவு நேரம்தான் வேலை, இவ்வளவு ஓய்வு என்று கண்டிப்பான விதி. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டிய புதிய விதி 2025-ல் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது இண்டிகோவிடம் போதுமான ஏற்பாடு இல்லாமல் டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பயணிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் களைத்த பைலட்டை விமானத்தில் உட்கார வைக்கக்கூடாது என்ற விதி நமக்காகத்தான் இருக்கிறது, அதைத் தளர்த்தச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது.

முறைப்படி முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை நஷ்டஈடு, அதோடு மாற்று விமானம் அல்லது முழுப் பணம். புயல், கலவரம், வான்வெளி மூடல் மாதிரிக் கம்பெனி கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது, ஆனால் பணமோ மாற்று விமானமோ கொடுக்கத்தான் வேண்டும். ராத்திரி 8 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடம் கேட்கலாம். திருச்சிக்காரர்களுக்கு இது அடிக்கடி உதவும் விதி. கவுண்டரில் சத்தம் போடுவதைவிட, தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்குவது பலிக்கும். கம்பெனி பதில் சொல்லாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள்.

2024-ல் திருச்சிக்கு மேலே ஒரு விமானம் சுற்றிக்கொண்டே இருந்ததே, உடனே ஏன் இறக்கவில்லை?

அக்டோபர் 11 மாலை, ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140-க்கு மேல் ஆட்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றியது, டெல்டா முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தோம். வளைகுடாவரை போக நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை அதிகம், சக்கரமும் பிரேக்கும் தாங்க வேண்டும், ஓடுதளமும் போதவேண்டும். பெரிய விமானங்கள் சிலவற்றில் வானத்திலேயே எரிபொருளைக் கொட்டிவிடலாம், 737-ல் அந்த வசதி கிடையாது. பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க பயங்கரமாக இருந்த அந்தச் சுற்றல்தான் பத்திரமான வழி, பைலட்டுகள் அவசரப்படாமல் அதைச் செய்து அருமையாக இறக்கினார்கள்.

கவுண்டரில் ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் அவர்கள் ஏன் கேட்கிறார்கள்? அது குடிநுழைவு வேலைதானே?

போன நாட்டில் உங்களை உள்ளே விடவில்லை என்றால் திருப்பிக் கொண்டுவருவது கம்பெனி தலையில்தான் விழும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால்தான் அந்தக் கண்டிப்பு. பத்தாவது முடிக்காதவர்களின் இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும், சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. டூரிஸ்ட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

பெட்டியில் எதை வைக்கக்கூடாது? பெட்டி வராவிட்டால்?

பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்கள் கவனிக்க: கொப்பரைத் தேங்காய் வைக்காதீர்கள். அது எண்ணெய்ப் பசையில் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று உலக அளவில் ஆபத்துப் பொருள் வரிசையில் இருக்கிறது, ஸ்கேனில் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான், அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) உள்ளே இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் அதைச் சார்ஜ் போடவோ அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றவோ விடுவதில்லை. கசகசா துபாய்ப் பக்கம் சட்டப்படி குற்றம், மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம். நெய், ஊறுகாய் கைப்பையில் போகாது, இறுக்கிக் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

பெட்டி வரவில்லை என்றால் அந்த ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கம்பெனி மேசையில் பி.ஐ.ஆர். என்ற புகார்த் தாளை எழுதி எண் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்து சேர்ந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், இது மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்லும் கெடு. போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுக்கும் அந்தச் சின்ன லக்கேஜ் சீட்டை ஊர் வந்து சேர்ந்து பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள்.